காட்டுற காசு

2018 செப்டம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை, நான் பினாங்கை விட்டுப் போனேன். விமான நிலையத்துக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள். என் அம்மா காமினி, சுங்கை பினாங்கில் எங்கள் மாடியிலேயே நான்கு வீடு தள்ளிக் குடியிருந்த குணவதி ஆண்ட்டி, ஆண்ட்டியின் மகன் யுகேந்திரன். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. யாரிடமோ காரை இரவல் வாங்கி எங்களை ஓட்டிக்கொண்டு வந்தது அவன்தான்.

என் பெட்டி அளவுக்கு மேல் ஒன்றரைக் கிலோ கனத்தது. வரிசையை விட்டு விலகி, தரையிலேயே பெட்டியைத் திறந்தோம். அம்மா மைலோ பானத்தூள் பொட்டலத்தை வெளியே எடுத்தார். குணவதி ஆண்ட்டி அதை வாங்கி மறுபடி உள்ளே திணித்துவிட்டு, என் இயந்திரவியல் புத்தகத்தை உருவி எடுத்தார். புத்தகம் அங்கே கிடைக்கும், மைலோ கிடைக்காது என்றார். அந்தப் புத்தகம் இன்றும் அவர் வீட்டில், தொலைக்காட்சிப் பெட்டியின் ஒரு காலுக்கு அடியில் இருக்கிறது.

நான் உள்ளே போகத் திரும்பியபோது ஆண்ட்டி என் முழங்கையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார்.

"துளசி, நம்ம காசு இப்ப எங்க இருக்கு?"

"ஜெர்மனியில, ஆண்ட்டி. பேங்க்ல."

"அதான் விசா குத்திட்டானே. இன்னும் என்னத்துக்கு அங்க இருக்கு?"

நான் போய் இறங்கி, தங்கும் முகவரியைப் பதிவு செய்தால் விட்டுவிடுவார்கள், இரண்டு வாரம் பிடிக்கும் என்றேன். அவர் தலையாட்டினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த பேங்க் பெரிய கட்டடமா என்று கேட்டார்.

"பெருசுதான்" என்றேன். அந்த வங்கியை நான் பார்த்ததே இல்லை.

குணவதி ஆண்ட்டியும் அம்மாவும் பாயான் லெப்பாஸில் ஒரே மின்னணு ஆலையில் வேலை செய்தவர்கள். எங்கள் வீடுகளில் அதைக் கிலாங் என்றுதான் சொல்வோம். அம்மா பெட்டி அடுக்கும் பகுதியில் இருந்தார். ஆண்ட்டிக்கு நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, நகத்தளவு தகடுகளில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. ஒரு ஷிப்டுக்குப் பன்னிரண்டு மணி நேரம். என்ன வேலை என்று யாராவது கேட்டால் "பாக்கிற வேலை" என்பார். அவர் கணவர் அக்கரையில், மாக் மண்டினில் ஓர் இரும்புப் பட்டறையில் இருந்தார். தினமும் மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறிப் போவார். 2011-இல் ஒரு நாள் பட்டறையிலேயே நெஞ்சு வலி வந்து இறந்துபோனார். அவருடைய சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துச் சேர்ந்த ஈ.பி.எஃப். சேமிப்பாக ஆண்ட்டி கைக்கு வந்தது இருபத்தைந்தாயிரம் வெள்ளி. ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம்.

அதை அவர் தொடவில்லை. துணி துவைக்கும் இயந்திரம் கெட்டுப்போய் மூன்று மாதம் கையாலேயே துவைத்தார். பிறகு ஓவர்டைம் பார்த்துத்தான் புதிதாக வாங்கினார். வங்கியில் அவ்வளவு பணம் சும்மாதானே கிடக்கிறது என்று அம்மா ஒருமுறை கேட்டதற்கு, "அது அவரு காசு" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு நகராது.

இரண்டு வருடம் கழித்து அந்தக் காசுக்கு ஒரு வேலை கிடைத்தது. கிலாங்கில் ஆண்ட்டியோடு ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்த சித்தி ஹாஜராவின் மகளுக்கு இங்கிலாந்தில் தாதியர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. உதவித்தொகையும் கிடைத்தது. ஆனால் விசாவுக்கு, குடும்பத்தின் வங்கிக் கணக்கில் இருபத்தெட்டு நாள் தொடர்ந்து ஒரு தொகை இருப்பதைக் காட்ட வேண்டும். செலவழிக்க வேண்டாம், காட்டினால் போதும். ஹாஜரா உணவு இடைவேளையில் இதைச் சொல்லி அழுதிருக்கிறார். ஆண்ட்டி அடுத்த நாள் அவரோடு வங்கிக்குப் போய்ப் பணத்தை மாற்றிக் கொடுத்தார். கல்யாண வீட்டுக்கு இரவல் நகை போட்டுக்கொண்டு போய்விட்டுத் திருப்பிக் கொடுப்பதில்லையா, அது மாதிரிதான் என்று நினைத்ததாக எங்களிடம் சொன்னார். "பாக்கணும்னு கேக்கிறான். பாத்துட்டுப் போகட்டும்."

இருபத்தெட்டு நாள் கழித்துப் பணம் ஒரு காசு குறையாமல் திரும்பி வந்தது. கூடவே ஒரு தட்டும் வந்தது. பத்து ஆரஞ்சு, ஒரு பாத்தேக் துணி, ஹாஜரா சுட்ட கேக்.

அதிலிருந்து அதுவே ஒரு வழக்கமாகிவிட்டது. கிலாங்கில் அதற்குக் காட்டுற காசு என்று பெயர். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் ஆண்ட்டியிடம் வருவார்கள். வட்டி கிடையாது, எழுதிக் கொடுக்க வேண்டியதும் இல்லை. போகிற பிள்ளையின் விசா போட்டோவில் ஒன்றைக் கொடுக்க வேண்டும். பணம் திரும்புகிற நாளில் ஆண்ட்டி நேரில் வங்கிக்கு வருவார், புத்தகத்தில் எண்ணை அச்சிட்டு வாங்கி, கண்ணாடியைக் கழற்றி மிக அருகில் வைத்துப் பார்ப்பார். பிறகு ஒரு தட்டு. போட்டோவை அவர் தன் துணி அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவிடுவார். எனக்கு முன்னால் அங்கே ஆறு பேர் இருந்தார்கள். விசா போட்டோவில் சிரிக்கக் கூடாது என்பதால் ஆறு பேரும் ஏதோ குற்றம் செய்து பிடிபட்டவர்கள் மாதிரிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நான் ஏழாவது. ஜெர்மனியில் கல்விக் கட்டணம் இல்லை, அதனால்தான் அந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தேன். கட்டணம் இல்லையே தவிர, ஒரு வருடத்துக்கு உயிர் வாழ எண்ணாயிரத்து அறுநூற்று நாற்பது யூரோ இருக்கிறது என்று காட்ட வேண்டும். வெள்ளியில் நாற்பத்தோராயிரத்துக்கும் மேல். அம்மா தன் ஈ.பி.எஃப். சேமிப்பிலிருந்து என் படிப்புக்கென்று எடுத்தது பதினேழாயிரம். மீதிக்கு ஆண்ட்டி வீட்டுக் கதவைத் தட்டினோம்.

இங்கேதான் குழப்பம் தொடங்கியது. மற்ற ஆறு பேரின் பணமும் பினாங்கிலேயே, அவரவர் குடும்பக் கணக்கிலேயே இருந்தது. ஜெர்மனிக்கு அப்படி முடியாது. பணத்தை யூரோவாக மாற்றி, அந்த நாட்டு வங்கி ஒன்றில் என் பெயரில் போட வேண்டும். அவர்கள் அதைப் 'பிளாக்' செய்து, அதற்கொரு சான்று கொடுப்பார்கள். அந்தச் சான்றைப் பார்த்துத்தான் தூதரகம் விசா கொடுக்கும். நான் படிவத்தை நான்கு தடவை படித்தேன். பிளாக் செய்வார்கள் என்றால் எத்தனை நாளைக்கு என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆண்ட்டியின் சமையலறையில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது, பெட்ரோல் நிலையத்தில் பகுதி நேரம் வேலை பார்த்த யுகேந்திரன்தான் விளக்கம் கொடுத்தான்.

"கார்டைச் சொருகினா இருநூறு வெள்ளி பிடிச்சு வைப்பான்ல மா, எத்தனை வெள்ளிக்கு எண்ணெய் அடிச்சாலும். மூணு நாள்ல விட்டுடுவான். அது மாதிரி லா."

எல்லோருக்கும் உடனே புரிந்துவிட்டது. எனக்கும்தான். மூன்று வருடம் பட்டப்படிப்பு படித்தவள் நான், ஒரு தடவைகூட அந்த வங்கிக்கு எழுதிக் கேட்கவில்லை.

கெம்னிட்ஸ் நகரத்தில் போய் இறங்கி, முகவரியைப் பதிவு செய்து, வங்கிக்குத் தெரிவித்தேன். அவர்கள் எழுநூற்று இருபது யூரோவை அனுப்பினார்கள். மீதியைக் காணோம். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒரு பெண்மணி பொறுமையாக விளக்கினார். மாதத்துக்கு எழுநூற்று இருபது, பன்னிரண்டு மாதம். மொத்தமாக எடுக்க முடியாது, ஏனென்றால் நான் அதைத் தின்ன வேண்டும், வாடகை கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் பூட்டுகிறார்கள்.

அது என் பணம் இல்லை என்று சொன்னேன். கணக்கு என் பெயரில்தானே இருக்கிறது என்று கேட்டார். என் பெயரில்தான் இருக்கிறது, ஆனால் என்னுடையது இல்லை, சும்மா காட்டுவதற்கு வாங்கியது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படிச் சொன்னால் என் விசா என்னவாகும் என்ற பயம் வந்து பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். எனக்கு மொழி வரவில்லை என்று நினைத்திருப்பார்.

அன்று மாலையே வங்கியை நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று முகவரியைத் தேடினேன். அவர்களுக்குக் கிளை எதுவும் இல்லை. வேறொரு நகரத்தில் ஓர் அஞ்சல் பெட்டி எண் மட்டும் இருந்தது. மற்றதெல்லாம் என் கைப்பேசிக்குள் இருந்த ஒரு பச்சை நிறச் செயலிதான். குணவதி ஆண்ட்டியின் கணவர் இருபது வருடம் இரும்பு அறுத்துச் சேர்த்தது அதற்குள் ஓர் எண்ணாக இருந்தது.

மறுநாள் ஆண்ட்டியைக் கூப்பிட்டேன்.

"பூட்டிட்டாங்க, ஆண்ட்டி. ஒரு வருஷத்துக்கு."

"யாரு பூட்டினது?"

"பேங்க்தான். மாசம் மாசம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமா கொடுப்பாங்களாம்."

"எங்க வீட்டுக்காரர் காசை உனக்கு மாசம் மாசம் கொடுப்பாங்களா?" என்றார். பிறகு, "அந்த மனுஷன் இருந்தப்ப எனக்கே அப்படி ஒழுங்காக் கொடுத்தது இல்லையே, துளசி."

அவர் சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் சிரிக்கவில்லை. வருகிற பணத்தில் முடிந்ததை உடனுக்குடன் திருப்பி அனுப்புகிறேன் என்றேன். அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வாய் என்று கேட்டார். வேலை தேடிக்கொள்கிறேன் என்றேன். மைலோ தீர்ந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு போனை வைத்தார்.

வேலை கிடைத்தது. ஊருக்கு வெளியே ஒரு பார்சல் கிடங்கில், வாரத்துக்கு மூன்று விடியற்காலை. அந்தச் சம்பளத்தில் வாழ்ந்துகொண்டு, வங்கி எனக்கு வாழக் கொடுத்ததிலிருந்து ஆண்ட்டிக்கு அனுப்பினேன். எது யாருடைய காசு என்று யோசித்துக்கொண்டே ரொட்டி வாங்குவேன். வாடகைக்குக் கொடுத்தது அம்மாவின் காசு, ஆண்ட்டிக்குப் போனது ஆண்ட்டியின் காசு, நான் தின்றது கிடங்கின் காசு என்று மனதுக்குள் பிரித்துவைத்திருந்தேன். மாதக் கடைசியில் அந்தப் பிரிவினை நிற்காது. ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் எத்தனை வாய் மாக் மண்டின் இரும்பு என்று யோசிப்பேன்.

2019 ஜனவரியில் யுகேந்திரனுக்கு இடம் கிடைத்தது. தைவானில், காவ்சியுங் நகரத்தில் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். பாதிக் கட்டணம் தள்ளுபடி. குறைக்கடத்திப் படிப்பு, முடித்தவுடன் வேலை நிச்சயம் என்று சொன்னார்கள். மார்ச் 31-க்குள், பெற்றோர் பெயரில் இருபதாயிரம் வெள்ளி இருக்கிற வங்கி அறிக்கையை அனுப்ப வேண்டும். இது பழைய மாதிரிதான், இங்கேயே வைத்துக் காட்டினால் போதும். ஆறு பேர் பிள்ளைகளுக்கும் எனக்கும் காட்டிய காசு, சொந்தப் பிள்ளைக்குக் காட்ட வேண்டிய நேரத்தில் எங்கேயோ ஓர் அஞ்சல் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது.

நான் அதுவரை திருப்பியிருந்தது ஆறாயிரத்துச் சொச்சம். மீதிக்கு ஆண்ட்டி அந்த ஆறு வீடுகளுக்கும் போனார். இதை அம்மா பிறகு எனக்குச் சொன்னார். கூடப் போனது அம்மாதான். ஒரு வீட்டில் அப்போதுதான் வீடு வாங்கியிருந்தார்கள், கையில் எதுவும் இல்லை. இன்னொரு வீட்டில் பையன் ஆஸ்திரேலியாவிலிருந்து பணம் அனுப்புவதையே நிறுத்திவிட்டானாம். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை, உள்ளே தொலைக்காட்சி ஓடியது. இன்னொருவர் காட்டுவதற்கு மட்டும்தானே, அதற்கு ஏன் இவ்வளவு என்று கேட்டாராம். அவர் மகளுக்கும் அதே தொகையைத்தான் ஆண்ட்டி கொடுத்திருந்தார். சித்தி ஹாஜரா கைவளையல்களை அடகு வைத்து நான்காயிரம் கொடுத்தார். கடைசி வீட்டில் ஓர் ஆயிரம். எல்லாம் சேர்த்தும், இருபதாயிரத்துக்கு ஒன்பதாயிரம் வெள்ளி குறைந்தது.

திரும்பி வரும்போது ஆண்ட்டி யாரையும் ஒன்றும் சொல்லவில்லையாம். நொண்டி நொண்டி நடந்து, செருப்பு கடிக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

அம்மா சொன்னதைக் கேட்ட இரவே வங்கிக்கு எழுதினேன். முன்கூட்டியே எப்படி எடுப்பது என்று கேட்டேன். பதில் மூன்று வரியில் வந்தது. நான் பல்கலைக்கழகத்திலிருந்து விலகி, நாட்டை விட்டு வெளியேறுவதாகப் பதிவு செய்து, அதிகாரிகளின் கடிதத்தை அனுப்பினால் மீதித் தொகையைத் திருப்பிவிடுவார்கள். நான்கு வாரம். மீதி ஐயாயிரத்து எழுநூற்று அறுபது யூரோ. வெள்ளியில் இருபத்தேழாயிரம். மார்ச்சுக்குள் வந்துவிடும்.

அந்தக் கடிதத்தோடு இரண்டு நாள் இருந்தேன். கிடங்கில் பார்சல்களைத் தப்பான கூண்டில் போட்டுத் திட்டு வாங்கினேன். மூன்றாம் நாள் ஆண்ட்டியே கூப்பிட்டார்.

"துளசி, அந்தப் பூட்டைத் திறக்க வேற வழியே இல்லையா?"

"இல்ல, ஆண்ட்டி."

அவர் சரி என்றார். குளிராக இருக்கிறதா என்று கேட்டார். பனி விழுகிறது என்றேன். பனியை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். எடுத்து அனுப்பினேன்.

மார்ச் 31 கடந்துபோனது. யுகேந்திரன் எனக்கு முன்பெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்த வேடிக்கைப் படங்கள் நின்றன. நான் ஏதாவது எழுதினால் இரண்டு நீல டிக் மட்டும் வரும். அடுத்த வருடத்துக்கு முயற்சி செய்யலாமே என்று அம்மா மூலம் சொல்லிப் பார்த்தேன். தள்ளுபடி அந்த ஒரு வருடத்துக்கு மட்டும்தான் என்று பதில் வந்தது. பிறகு நோய் வந்து எல்லா நாட்டுக் கதவும் மூடியது. அவன் பத்து காவான் என்ற ஊரில், ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில் வந்திருக்கிற ஓர் ஆலையில் சேர்ந்தான்.

கடைசித் தவணையை 2019 நவம்பரில் அனுப்பி முடித்தேன். ஆண்ட்டி வங்கிப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினார். அம்மா என் சார்பில் தட்டு எடுத்துக்கொண்டு போனார், சேலையும் ஆரஞ்சும் வைத்து. யுகேந்திரன் கதவைத் திறந்து, மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கி உள்ளே வைத்தானாம். எதற்கு என்று கேட்கவே இல்லையாம்.

அதன் பிறகு நான் ஊருக்கு வரவில்லை. படிப்பை முடித்தேன், ஆனால் படித்த வேலையில் ஒரு வருடத்துக்கு மேல் நிற்கவில்லை. லிஸ்பனில் ஒரு விடுதியில் வரவேற்பு மேசை, திபிலிசியில் குழந்தைகளுக்கு ஆங்கிலம், அப்புறம் தைவான். தைவானுக்கு ஏன் போனேன் என்று கேட்டால் அங்கே வேலை கிடைத்தது என்பேன். ஒரு விடுமுறை நாளில் காவ்சியுங்குக்கு ரயில் ஏறிப்போய், அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலில் நின்றேன். காவலாளி என்ன வேண்டும் என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை. ஒன்றும் இல்லை என்று கையசைத்துவிட்டுத் திரும்பினேன்.

2025 பிப்ரவரியில் பினாங்குக்குத் திரும்பி வந்தேன். மூன்றாம் நாள் நான்கு வீடு தள்ளிப் போய்க் கதவைத் தட்டினேன்.

குணவதி ஆண்ட்டி இளைத்திருந்தார். கண் மங்கியதால் கிலாங்கில் நுண்ணோக்கியை விட்டு அவரைப் பெட்டி அடுக்கும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். "இப்ப உங்கம்மா வேலைதான் எனக்கு" என்றார். என் தலைமுடியைப் பார்த்து, ஜெர்மனியில் முடிவெட்டுக் கடையே இல்லையா என்று கேட்டார். தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்துவிட்டு, படுக்கையறையிலிருந்து ஒரு துண்டு எடுக்க அலமாரியைத் திறந்தார். கதவின் உட்பக்கம் தெரிந்தது. ஏழாவதாக நான் முறைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கீழே இன்னும் மூன்று பேர். அவர் நிறுத்தவே இல்லை. அந்த மூன்று பேரில் யுகேந்திரன் இல்லை.

அவர் பாயை விரித்துப் பயற்றங்காய் நறுக்க உட்கார்ந்தார். நான் எதிரில் உட்கார்ந்தேன். ஆறு வருடமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியங்களை விட்டுவிட்டு நேராகச் சொன்னேன்.

"ஆண்ட்டி, அன்னைக்கு வேற வழி இல்லைன்னு சொன்னேன்ல. இருந்துச்சு. நான் படிப்பை விட்டுட்டு வந்திருந்தா மீதிக் காசைக் கொடுத்திருப்பாங்க."

"தெரியும்" என்றார். "யுகேன் அப்பவே நெட்ல பாத்துட்டு வந்து சொல்லிட்டான். எவ்வளவு நாள்ல வரும்னுகூடச் சொன்னான்."

"தெரிஞ்சுட்டு ஏன் என்னைக் கேட்டீங்க?"

"நீ சொல்றியான்னு பாத்தேன்."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. தகட்டில் கீறல் இருக்கிறதா என்று பார்த்தேன் என்பதுபோலச் சொன்னார். நான் அதோடு விட்டிருக்கலாம். சொல்லியிருந்தால் என்னைத் திரும்பி வரச் சொல்லியிருப்பீர்களா என்று கேட்டேன்.

கத்தி நின்றது. அவர் உண்மையாகவே யோசித்தார் என்று நினைக்கிறேன்.

"அது எனக்கே தெரியலை, பொண்ணு. வரச் சொல்லியிருந்தா உன் முகத்துல எப்படி முழிக்கிறது? வேணாம்னு சொல்லியிருந்தா அவன் முகத்துல எப்படி முழிக்கிறது? நீ இல்லைன்னுட்ட. எனக்கு வேலை மிச்சமாப் போச்சு."

அது மன்னிப்பா என்று எனக்குப் புரியவில்லை. நன்றி மாதிரியும் இருந்தது, அப்படி இருக்க முடியாது என்றும் தோன்றியது. யுகேந்திரன் என்ன சொன்னான் என்று கேட்டேன். பெட்ரோல் ஸ்டேஷன் கதையைச் சொன்னதே அவன்தானே, யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கொஞ்ச நாள் எல்லார்மேலும் கோபமாக இருந்தான் என்றார். இப்போது கோபம் போய்விட்டதா என்று கேட்டதற்கு, அதை அவனிடம்தான் கேட்க வேண்டும் என்றார்.

அவன் ஆறு மணிக்கு வேலை முடிந்து வந்தான். ஆலைச் சட்டையில் பெயர் தைத்திருந்தது. அகலமாகிவிட்டான், காதோரம் ஒன்றிரண்டு நரை. என்னைப் பார்த்து, "வாங்க அக்கா, எப்ப வந்தீங்க?" என்றான். பதிலுக்கு நிற்காமல் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனான். தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் ஆனபின், அவன் வெளியே வர நான் கிளம்பியாக வேண்டும் என்று புரிந்து எழுந்தேன்.

ஆண்ட்டி வாசல்வரை வந்தார். செருப்பை மாட்டும்போது கேட்டார்.

"அந்த பேங்க் எப்படி இருந்துச்சு, துளசி? நான் ரொம்ப நாள் நெனச்சுப் பாத்திருக்கேன். காசு உள்ள இருக்கிற மாதிரி. அங்க பனி வேற விழுந்துச்சுல்ல."

சற்று முன்புதான் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டிருந்தேன். அதே வாயால், "கண்ணாடிக் கட்டடம், ஆண்ட்டி. நாலு மாடி" என்றேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார். மாடிப்படியில் இறங்கும்போது, ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்தேன். வீட்டுக்கு நான்கு கதவுகள்தான், நான் எதற்காகப் படியில் இறங்கினேன் என்பதும் கீழே போன பிறகுதான் உறைத்தது.

அதன்பின் ஒன்பது மாதம். நான் இன்னும் பினாங்கில்தான் இருக்கிறேன், கிளம்பலாமா என்று வாரத்துக்கு ஒருமுறை யோசித்துக்கொண்டு. ஆண்ட்டியைப் படியில் பார்ப்பேன், பேசுவார். யுகேந்திரனைப் பார்த்தால் அவன் மோட்டார் சைக்கிளைத் துடைக்கத் தொடங்கிவிடுவான். அக்டோபருக்குப் பிறகு அவனையே காணவில்லை. ஷிப்டு மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நவம்பரில் ஒரு வியாழக்கிழமை பிற்பகல், ஆறு வருடமாக என் பக்கத்துச் சொற்கள் மட்டுமே இருந்த அந்த உரையாடலில், அவன் பக்கத்திலிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது.

"அக்கா, யுகேன். நான் ஜெர்மனியில இருக்கேன், நியூரம்பெர்க். கம்பெனி நாலு மாசம் டிரெய்னிங் அனுப்பியிருக்கு. விசாவுக்கு ஒரு வெள்ளிகூடக் காட்டச் சொல்லலை, கம்பெனி லெட்டர் மட்டும்தான். என் விசா போட்டோவை அம்மா அலமாரில ஒட்டிருச்சு. இப்ப தினமும் போன் பண்ணி ஒண்ணுதான் கேக்குது, அப்பா காசு இருந்த பேங்க்கைப் போய்ப் பாத்தியான்னு. கண்ணாடிக் கட்டடம், நாலு மாடியாம். போட்டோ எடுத்து அனுப்பணுமாம். நான் தேடிப் பாத்துட்டேன், கிடைக்கலை. ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. அட்ரஸ் அனுப்புங்க."